கையெழுத்து யாருடையது?

அவைத் தலைவர் அவர்களே, பட்டறையையும் கடையையும் பிள்ளைகள் பொறுப்பில் விட்டுவிட்டு இந்த மாலை நேரத்தில் வந்திருக்கும் தொழில் நண்பர்களே, பின்வரிசையில் இருக்கும் மாணவர்களே!

‘செயற்கை நுண்ணறிவும் நம் பொறுப்பும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நான் கணிப்பொறி விஞ்ஞானி இல்லை. வங்கியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலையில் ஊர் ஊராகப் போய்க் கிளைகளின் கணக்கைத் துருவிக்கொண்டிருந்தவன். நாங்கள் உள்ளே நுழைந்தால் கிளையில் யாருக்கும் அன்று டீ இறங்காது. எங்களுடைய முதல் கேள்வி, “இந்த வவுச்சரைப் பாஸ் செய்தது யார்?” தொகை சரியா தப்பா என்பது அதற்கு அப்புறம்தான். தொகை பைசா சுத்தமாக இருந்தாலும், கீழே கையெழுத்து இல்லை என்றால் அறிக்கையில் எழுதிவிடுவோம். இன்றைக்கு எனக்குச் சொல்ல இருப்பதும் அந்த ஒரு கேள்விதான். இயந்திரம் முடிவெடுக்கும் இடங்களில் போய் அதைக் கேட்டால் என்ன பதில் வருகிறது என்று பார்க்கலாம்.

முதலில் ஆஸ்திரேலியா. அங்கே வேலை கிடைக்காதவர்களுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் உடல்நலம் குன்றியவர்களுக்கும் அரசு உதவித்தொகை கொடுக்கிறது. கொடுக்கும் அமைப்பின் பெயர் சென்டர்லிங்க். வாங்குகிறவர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு சம்பாதித்தார் என்று சொல்ல வேண்டும். அதைப் பொறுத்து உதவி கூடும், குறையும். வருமான வரித்துறையிடம் இருப்பதோ ஆண்டு முழுவதற்குமான ஒரே தொகை. இந்த இரண்டையும் ஒப்பிட்டுக் கூடுதலாக வாங்கியவர்களைப் பிடிக்கும் வேலை வெகுகாலமாக நடந்ததுதான். பொருந்தாத கணக்கை ஓர் அலுவலர் கையில் எடுப்பார், வேலை கொடுத்தவரிடம் கேட்பார், சம்பளச் சீட்டு பார்ப்பார், பிறகுதான் முடிவு செய்வார். ஆண்டுக்குச் சுமார் 20,000 பேரின் கணக்கை இப்படிப் பார்த்தார்கள்.

2016இல் அந்த அலுவலரை எடுத்துவிட்டு மென்பொருளை வைத்தார்கள். ஆண்டுக்கு 26 இருவாரங்கள் அல்லவா? மென்பொருள் ஆண்டு வருமானத்தை 26ஆல் வகுத்தது. கணக்கு எங்கே இடறுகிறது என்று பாருங்கள். ஒரு பெண் ஆறு மாதம் வேலையில்லாமல் உதவி வாங்கினார். பிறகு வேலை கிடைத்தது, உதவியை நிறுத்திக்கொண்டார், அடுத்த ஆறு மாதத்தில் 26,000 டாலர் சம்பாதித்தார் என்று வையுங்கள். நேர்மையான மனுஷி. மென்பொருளின் கண்ணில் அவர் 26 இருவாரத்திலும் சமமாக ஆயிரம் ஆயிரம் டாலர் சம்பாதித்தவர். ஆக, உதவி வாங்கிய ஆறு மாதமும் வருமானத்தை மறைத்தவர். போடு கடிதம். முன்பு ஆண்டு முழுக்கப் பார்த்த எண்ணிக்கையை இப்போது ஒரே வாரத்தில் எட்டினார்கள், வாரத்துக்கு 20,000.

கடிதத்தில் என்ன இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். “நீங்கள் கடன்பட்டிருக்கலாம், இல்லை என்றால் நிரூபியுங்கள்” என்பது அதன் சாரம். பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டைக் கொண்டுவர வேண்டும். உணவு விடுதியில் தட்டுக் கழுவியவரும் பண்ணையில் பழம் பறித்தவரும் அந்தச் சீட்டை எங்கே வைத்திருப்பார்கள்? சில முதலாளிகள் கடையையே மூடியிருந்தார்கள். சில கடிதங்கள் பழைய முகவரிக்குப் போயின. பதில் வராவிட்டால் கடன் உறுதி. வசூலுக்குத் தனியார் ஏஜென்சி. வழக்கமாக, கடன் இருக்கிறது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். எங்கள் வங்கியில்கூடப் புரோநோட்டைக் காட்டாமல் யாரிடமும் பணம் கேட்க முடியாது. அங்கே அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். பணமும் ஆள்பலமும் வழக்கறிஞரும் இருக்கும் அரசாங்கம் சும்மா இருந்தது. கையில் ஒன்றும் இல்லாதவர் நிரூபிக்க ஓடினார்.

மக்கள் அதற்கு ‘ரோபோடெட்’ என்று பெயர் வைத்தார்கள். ரோபோ போட்ட கடன். விக்டோரியா மாநிலச் சட்ட உதவி மையத்தின் துணையோடு ஒரு பெண் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். அவருக்கு வர வேண்டிய சுமார் 1,700 டாலர் வரித் திருப்பத்தொகையையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2019 நவம்பரில், அந்தக் கடன் சட்டப்படி செல்லாது என்பதை அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 2020 மே மாதம், 4 லட்சத்து 70 ஆயிரம் கடன்களில் வசூலித்த 72.1 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. பிறகு 2022இல் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. குயின்ஸ்லாந்தின் முன்னாள் தலைமை நீதிபதி கேத்தரின் ஹோம்ஸ் விசாரித்தார். இந்தக் கடன் நெருக்கடியில் மகனைப் பறிகொடுத்த தாய்மார்கள் வந்து சாட்சி சொன்னார்கள். 2023 ஜூலையில் 57 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. அதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. இப்படிச் சராசரி போட்டுக் கடன் எழுதுவது சட்டத்துக்குப் பொருந்தாது என்று துறையின் சொந்தச் சட்டப்பிரிவே 2014இல் கருத்துச் சொல்லியிருந்தது. காகிதம் அலுவலகத்துக்குள்ளேயே இருந்தது. மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது.

யார் கையெழுத்து என்று ஆணையம் தேடிப் போனபோது, அமைச்சர் செயலரைக் காட்டினார், ஒரு துறை இன்னொரு துறையைக் காட்டியது, எல்லோரும் சேர்ந்து ‘சிஸ்டம்’ என்பதைக் காட்டினார்கள்.

மாணவர்கள் சிலர் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. இதில் செயற்கை நுண்ணறிவு எங்கே இருக்கிறது, இது நாலாம் வகுப்பு வகுத்தல் கணக்குத்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், வேண்டுமென்றேதான் இதை முதலில் எடுத்தேன். நுண்ணறிவே இல்லாமல் இவ்வளவு நடந்தது. இயந்திரம் நம்மை மிஞ்சிவிடுமா, உலகத்தை ஆளுமா என்று தொலைக்காட்சியில் விவாதம் நடத்துகிறார்கள். நடத்தட்டும். ஓர் அலுவலரை நாற்காலியிலிருந்து எழுப்பியதே அங்கே போதுமானதாக இருந்தது.

நெதர்லாந்தில் நிஜமாகவே கற்றுக்கொள்ளும் இயந்திரம் இருந்தது. அங்கே வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் குழந்தைக் காப்பகச் செலவில் ஒரு பங்கை வரித்துறை கொடுக்கும். விண்ணப்பங்களில் எது சந்தேகத்துக்குரியது என்று மதிப்பெண் போட 2013 முதல் ஒரு கணினி மாதிரியைப் பயன்படுத்தினார்கள். பழைய விண்ணப்பங்களில் சரியானவை இவை, தவறானவை இவை என்று காட்டி அதைப் பழக்கினார்கள். விண்ணப்பதாரர் டச்சுக் குடியுரிமை உள்ளவரா இல்லையா என்பதும் அது பார்த்த அடையாளங்களில் ஒன்று. மதிப்பெண் அதிகமானால் கோப்பு ஓர் அலுவலரின் மேசைக்குப் போகும். ஆக, இங்கே மனிதர் இருந்தார். ஆனால் அவர் மேசைக்கு வந்தது மதிப்பெண் மட்டும்தான். ஏன் இவ்வளவு என்ற காரணம் வரவில்லை. அவர் என்ன செய்வார்? இயந்திரம் சந்தேகப்பட்டிருக்கிறது, நாமும் சந்தேகப்பட்டு வைப்போம் என்று துருவ ஆரம்பிப்பார். துருவினால் எந்தக் கோப்பிலும் ஏதாவது கிடைக்கும், இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கும், பெற்றோர் கட்ட வேண்டிய பங்கில் சிறு தொகை குறைந்திருக்கும். அதற்கு அந்த ஆண்டின் உதவி முழுவதையும் திருப்பிக் கேட்டார்கள். பத்தாயிரக் கணக்கான யூரோக்கள். பலருக்குத் தவணையும் கிடையாது.

முதலில் தெரியவந்த கணக்கிலேயே சுமார் 26,000 பெற்றோர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். வீடு போனது, மணவாழ்க்கை முறிந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறிடத்தில் வைக்க வேண்டியதாயிற்று. 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை மொத்தமாகப் பதவி விலகியது. குடியுரிமைத் தகவலைச் சட்டவிரோதமாகக் கையாண்டதற்காக அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் வரித்துறைக்கு 27.5 லட்சம் யூரோ அபராதம் போட்டது. ஓர் அரசுத் துறை இன்னொரு அரசுத் துறைக்குப் போட்ட அபராதம். நம்மூரில் நினைத்துப் பார்க்கவே சிரமம்.

வெளிநாட்டுக் கதை போதும், நம் பக்கத்துக்கு வருகிறேன். தெலங்கானாவில் ‘சமக்ர வேதிகா’ என்று ஒரு மென்பொருள். வாகனப் பதிவு, நிலம், மின் இணைப்பு, ஓய்வூதியம் என்று பல துறைகளின் பட்டியல்களை இணைத்து, ஒரு குடும்பத்திடம் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும். தகுதியில்லாதவர்களின் ரேஷன் அட்டையை நீக்க அதைப் பயன்படுத்தினார்கள். ஒரு பெண்ணின் அட்டை போய்விட்டது. காரணம், அவருடைய கணவர் கார் வைத்திருந்தாராம். கணவர் ரிக்‌ஷா ஓட்டியவர். அவருடைய பெயரை ஒத்த வேறொருவரிடம் கார் இருந்தது. இப்படி நோட்டீஸ்கூட இல்லாமல் நீக்கிய அட்டைகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏறக்குறைய 19 லட்சம் அட்டைகளையும் நேரில் போய்ச் சரிபாருங்கள் என்று 2022இல் நீதிமன்றம் சொன்னது.

பெயரை வைத்து ஆளைப் பொருத்துவது நம்மைப் போன்றவர்களுக்கு எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். தமிழனுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான். ஆதாரில் ‘முருகேசன் கே’, பாஸ்போர்ட்டில் ‘முருகேசன் கந்தசாமி’, ரேஷன் அட்டையில் ‘க. முருகேசன்’. ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரம் படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம். ஒரே ஊரில் பத்து முருகேசன், அதில் மூன்று பேருக்கு அப்பா பெயர் கந்தசாமி. ஈ.பி. கார்டோ இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது, அவர் போய் இருபது வருஷம் ஆகிறது. பங்காளிகள் நான்கு பேரின் வீட்டுக்கும் சேர்த்து ஒரே பட்டா. இதையெல்லாம் கிராம நிர்வாக அலுவலர் ஒரே பார்வையில் பிரித்துவிடுவார். எங்கோ உட்கார்ந்து மென்பொருள் எழுதும் பிள்ளைக்குத் தெரியாது, அவர்மேல் குற்றமும் இல்லை.

இதே வேலையை வேறு விதமாகவும் செய்யலாம். தமிழ்நாட்டில் 2023இல் கலைஞர் மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்பம் வாங்கியபோது ஆண்டு வருமானம், நிலம், கார், ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்று அளவுகள் வைத்தார்கள். அதுவும் தரவை ஒப்பிடும் வேலைதான். ஆனால் மறுக்கப்பட்டவருக்குக் காரணம் குறுஞ்செய்தியில் வந்தது. 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றும் வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் நியாயம் கிடைத்ததா என்பது தனிக் கேள்வி. நான் ஒரு தணிக்கைக்காரனாக அந்த ஏற்பாட்டை மட்டும் பார்க்கிறேன். காரணம் சொல்லியாயிற்று, கெடு சொல்லியாயிற்று, முடிவை மாற்றும் அதிகாரம் உள்ள ஓர் அலுவலரின் பதவியைச் சொல்லியாயிற்று. ஆர்.டி.ஓ. அலுவலகம் எங்கே என்று எந்த ஊரிலும் ஒரு பாட்டிக்குத் தெரியும்.

அரசாங்கத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறேனே என்று தொழில் செய்பவர்கள் ஆசுவாசப்பட வேண்டாம். 2022 நவம்பரில் ஒரு கனடாக்காரர் பாட்டி இறந்த துக்கத்துக்குப் போக ஏர் கனடா இணையதளத்தில் டிக்கெட் தேடினார். துக்கப் பயணத்துக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று அங்கிருந்த சாட்பாட்டிடம் கேட்டார். இப்போது டிக்கெட் எடுத்துவிட்டு 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் போதும் என்றது. போய்வந்து விண்ணப்பித்தால், பயணத்துக்குப் பிறகு சலுகை கிடையாது என்றது நிறுவனம். தகராறு தீர்ப்பாயத்துக்குப் போனபோது நிறுவனம் வைத்த வாதம்தான் ரசிக்கத்தக்கது. சாட்பாட் தனி ஆள், அது சொன்னதற்கு அதுதான் பொறுப்பு என்ற பொருள்படப் பேசியது. சம்பளம் வாங்காத, சொத்து இல்லாத, ஜெயிலுக்கு அனுப்ப முடியாத ஒரு ஊழியரைக் கைகாட்டினால் எவ்வளவு வசதி! 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. உன் இணையதளத்தில் இருப்பது எல்லாம் உன் பேச்சு, பணத்தைக் கொடு என்றது. தொகை சுமார் 650 டாலர்தான்.

இங்கே நகைக்கடை நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். அட்சய திருதியை அன்று கூட்டம் தாங்காமல் வாட்ஸ்அப்பில் பதில் சொல்ல ஒரு பாட் வைக்கிறீர்கள். அது யாருக்கோ “சேதாரம் நான்கு சதவீதம்தான்” என்று சொல்லிவிடுகிறது. அந்த அம்மா அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து நிற்கிறார். கல்லாவில் இருக்கும் பையன் “அது மெஷின் சொன்னதும்மா” என்று சொன்னால் அந்த அம்மா என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். அவருக்கு அது உங்கள் கடையின் வாக்கு, உங்கள் அப்பா காலத்துப் பெயர்.

படித்தவர்கள், பெரிய நிறுவனங்கள் என்றால் தேவலையா? 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி இட்டுக்கட்டிக் கொடுத்த தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். அது பலருக்கும் தெரிந்த கதை. ஆஸ்திரேலியாவில் 2025இல் நடந்தது அவ்வளவாகத் தெரியவில்லை. உதவித்தொகை வாங்குபவர்களுக்குத் தானாகத் தண்டனை விதிக்கும் ஒரு முறை சரியாக இயங்குகிறதா என்று ஆராய, அரசாங்கம் டெலாய்ட் நிறுவனத்துக்குச் சுமார் 4 லட்சத்து 40 ஆயிரம் டாலர் கொடுத்தது. அறிக்கை வந்தது, வெளியிட்டார்கள். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் படித்துவிட்டு, இதில் இல்லாத நூல்களையும் கட்டுரைகளையும் மேற்கோள் காட்டியிருக்கிறார்களே என்றார். நீதிபதி சொல்லாத வாசகம் ஒன்றும் தீர்ப்பிலிருந்து எடுத்ததாக அதில் இருந்தது. எந்த வழக்கின் தீர்ப்பு தெரியுமா? சற்றுமுன் சொன்னேனே, 1,700 டாலருக்காக ரோபோடெட்டை எதிர்த்துப் போன பெண், அந்த வழக்கு! தானியங்கி முறை ஏழைகளை என்ன செய்கிறது என்று பார்க்கப் போனவர்கள், அதைப் பற்றிய வழக்கிலேயே இல்லாத வாசகத்தைச் சரிபார்க்காமல் ஒட்டியிருக்கிறார்கள். திருத்திய பதிப்பில்தான் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியதைச் சொன்னார்கள். கட்டணத்தின் கடைசித் தவணையைத் திருப்பிக் கொடுக்கவும் ஒப்புக்கொண்டார்கள். பரிந்துரைகள் மாறவில்லை என்றும் சொன்னார்கள். சரி, மாறாமல் இருக்கட்டும். அறிக்கையின் கீழே கையெழுத்திட்டவர் ஒரு முறையாவது முழுதாகப் படித்தாரா என்பதுதான் இன்ஸ்பெக்‌ஷனில் என் கேள்வியாக இருந்திருக்கும்.

“கடைசியில் ஒரு மனிதர் பார்த்துத்தான் அனுப்புகிறோம்” என்று இன்று எல்லா நிறுவனமும் சொல்கிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் இது எங்கள் சொந்த வியாதி. வங்கியில் ஒருவர் பதிவு செய்ய வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். மேக்கர், செக்கர் என்போம். விதி பொன்னானது. நடப்பில், செக்கரின் பாஸ்வேர்டு மேக்கருக்குத் தெரிந்திருக்கும். காகித வவுச்சர் காலத்தில் சாயங்காலம் ஒரு கட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதிகாரி போனில் மகளிடம் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாகப் புரட்டிக் கிறுக்குவார். எல்லாக் கையெழுத்தும் ஒரே சாய்வில் இருக்கும். கையெழுத்து உண்டு, ஆள் இல்லை.

செயற்கை நுண்ணறிவு வந்தால் இந்த வியாதி முற்றும். ஒரு நாளைக்கு 300 கோப்பு என்றால், எட்டு மணி நேர வேலையில் ஒரு கோப்புக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். அதற்குள் அவர் எதைப் பார்ப்பார்? போதாக்குறைக்கு, இயந்திரம் சொன்னதை ஏற்றால் ஒரே சொடுக்கு. மறுத்தால் காரணம் எழுத வேண்டும், மேலதிகாரி கேட்பார், நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நம் தலை உருளும். சம்பளம் வாங்கும் எந்த மனிதர் மறுப்பார்?

அதனால் நான் ஒரு நிறுவனத்துக்குள் போனால் கேட்கும் முதல் காகிதம் இதுதான்: சென்ற ஆண்டு இயந்திரத்தின் முடிவை உங்கள் ஆட்கள் எத்தனை முறை மாற்றினார்கள்? பூஜ்யம் என்றால் இரண்டே அர்த்தம். ஒன்று, இயந்திரம் தெய்வம். இன்னொன்று, அந்த நாற்காலியில் யாரும் இல்லை. முதலாவதை நான் இதுவரை பார்த்ததில்லை. அடுத்ததாக, காரணம் எழுதும் சுமையை இடம் மாற்றச் சொல்வேன். கடன் மறுப்பு, வேலை மறுப்பு, உதவி நிறுத்தம் என்று ஒருவருக்குக் கெடுதலாகப் போகும் முடிவை ஏற்பவர்தான் தன் வார்த்தையில் இரண்டு வரி எழுத வேண்டும். இயந்திரம் தந்த வாக்கியத்தை ஒட்டக்கூடாது. நல்லதாகப் போகும் முடிவுக்கு ஒரு சொடுக்கு போதும். இதை மட்டும் செய்தாலே அலுவலகத்தில் கோப்பு படிக்கும் பழக்கம் திரும்பிவிடும்.

தணிக்கை செய்தால் இயந்திரமும் திருந்தும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன், இல்லையென்றால் நான் ஏதோ கணிப்பொறியை உடைக்க வந்தவன் என்று நினைப்பீர்கள். அமெரிக்க மருத்துவமனைகளில், கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று நோயாளிகளை வரிசைப்படுத்தும் மென்பொருள்கள் உண்டு. ஆண்டுக்கு 20 கோடிப் பேர் அளவுக்கு இத்தகைய மென்பொருள்களின் கணிப்புக்கு உட்படுகிறார்கள். ஆய்வாளர் ஸியாத் ஓபர்மேயரும் அவருடைய குழுவினரும் அவற்றில் பரவலாகப் புழங்கும் ஒன்றை எடுத்து ஆராய்ந்து 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். ஒரே மதிப்பெண் வாங்கிய வெள்ளையரையும் கறுப்பரையும் ஒப்பிட்டால் கறுப்பர் அதிக நோயோடு இருந்தார். மென்பொருளுக்கு இனம் என்ற தகவலே கொடுக்கப்படவில்லை. பிறகு எப்படி? நோயை அளப்பதற்குப் பதில் மருத்துவச் செலவை அளந்திருக்கிறார்கள். செலவுக்கணக்கு சுலபமாகக் கிடைக்கும், அதனால். மருத்துவமனைக்குப் போக வழியில்லாதவர் குறைவாகத்தான் செலவழிப்பார், ஆகவே அவர் ஆரோக்கியமானவர் என்று கணக்காகிவிட்டது. இந்தக் கோணலைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று காட்டினார்கள். எதை அளக்கிறோம் என்று ஒரு வெளியாள் வந்து கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சினிமாவைத் தொடாமல் தமிழ் மேடையில் பேச முடியாது. 2024இல் ‘லால் சலாம்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் ஒரு பாடலுக்குப் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கினார். ஒருவர் 2022இலும் இன்னொருவர் 1997இலும் காலமானவர்கள். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய ஊதியமும் அனுப்பியதாக ரஹ்மானே வெளிப்படையாகச் சொன்னார். அதே காலத்தில் ஒரு தெலுங்குப் படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதியில்லாமல் உருவாக்கியதாக அவர் மகன் எஸ்.பி. சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். தொழில்நுட்பம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். போனவரின் குரலைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது. அனுமதி இருந்தாலும் செய்கிறது. அது என் வயசு. ஆனால் கணக்கு என்று பார்த்தால், முதலாவதில் போய்க் கேள்வி கேட்க ஓர் ஆள் இருக்கிறார், வேண்டாம் என்று சொல்லவும் குடும்பத்துக்கு ஒரு வாய்ப்பு இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஆள்தேர்வு, கடன் தகுதி போன்றவற்றை அதிக ஆபத்துள்ள பயன்பாடு என்று தனியே வைத்திருக்கிறது. நமக்கு 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2025 ஆகஸ்டில் 26 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. இயந்திரத்தைப் பயன்படுத்தும் நிறுவனமே அதன் முடிவுக்குப் பொறுப்பு என்ற நிலையை எடுத்திருக்கிறது. மாவட்ட நீதிமன்றங்களில் தீர்ப்பு சொல்ல இதைப் பயன்படுத்தக்கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் விதி வகுத்தது. தமிழ்நாடு அரசு 2020 செப்டம்பரிலேயே பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது என்பது இங்கே பலருக்கும் தெரியாது. சாட்ஜிபிடி வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பு. அரசு பயன்படுத்தும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களை நேர்மை, தனியுரிமை, தணிக்கை முதலியவற்றில் மதிப்பெண் போட்டு எடைபோட வேண்டும் என்கிறது அந்தக் கொள்கை. நல்ல ஆவணம். அந்த மதிப்பெண் பட்டியல்களை அரசு இணையதளத்தில் போட்டால் மாணவர்கள் நீங்களே படித்துக் கேள்வி கேட்கலாம்.

“இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு, பத்துப் பேர் வைத்திருக்கும் நான் என்ன செய்வது?” என்று முன்வரிசையில் ஒருவர் தேநீர் இடைவேளையிலேயே கேட்டுவிட்டார். செலவில்லாத இரண்டு காரியங்கள் சொல்கிறேன். முதலாவது, ஒரு நீள நோட்டு. தேதி, இயந்திரம் என்ன சொன்னது, நாம் என்ன செய்தோம், முடிவெடுத்தது யார், வாடிக்கையாளர் முறையிட்டாரா. ஐந்து கட்டம். மாதக் கடைசியில் முதலாளி உட்கார்ந்து படிக்க வேண்டும். கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதே மென்பொருளிடம் சுருக்கம் கேட்டுப் படிக்காதீர்கள்.

இரண்டாவது, வாங்கும்போது பேசுவது. விற்க வருகிற பிள்ளை கோட்டு போட்டுக்கொண்டு அழகாக டெமோ காட்டுவார். டெமோவில் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடும். நம் ஊர் வாடிக்கையாளர் எழுதுவதுபோலத் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துப் பாருங்கள், அடுத்து நல்ல தமிழில் கேளுங்கள், இரண்டுக்கும் ஒரே பதில் வருகிறதா என்று பாருங்கள். தமிழ் வாக்கியத்தை இந்த மென்பொருள்கள் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக நறுக்குகின்றன. துண்டுக் கணக்கில் கட்டணம் என்றால் தமிழுக்குக் கூடுதலாகத்தான் கட்டுவீர்கள், அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். இதனால் வரும் எந்த இழப்புக்கும் விற்பவர் பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்த வரி இருந்தால் ஒரு விலை, அதை எடுத்தால் ஒரு விலை என்று பேசுங்கள். எடுக்கவே மாட்டேன் என்றால், அந்தப் பொருளை அதைச் செய்தவரே எவ்வளவு நம்புகிறார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறமும் வாங்குவது உங்கள் இஷ்டம்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்விகளுக்குப் போகலாம். மைக்கை முதலில் பின்வரிசைக்குக் கொடுங்கள்.